குதிரையின் கடைசி நாளும் அதன் தகனமும்: இங்கிலாந்தில் புதிதாகக் குதிரை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

நாயோ பூனையோ இறந்துபோனால் ஒரு போர்வையில் சுற்றிக் காரில் எடுத்துச் சென்றுவிட முடியும். 450 முதல் 600 கிலோ வரை எடையுள்ள ஒரு குதிரை இறந்தால், அதை நகர்த்துவதற்கே வின்ச் எனப்படும் இழுவைப் பொறி பொருத்திய லாரி வேண்டும். அந்த லாரி வந்து நிற்க உறுதியான தரை வேண்டும். உடலை எங்கே கொண்டுசெல்வது என்ற முடிவும், அதற்கான பணமும், சில ஆவணங்களும் தயாராக இருக்க வேண்டும். குதிரை வயலில் விழுந்து கிடக்கும்போது இவற்றையெல்லாம் அழுதுகொண்டே தொலைபேசியில் தேடுகிறவர்கள், முதலில் பேசக் கிடைத்தவர் சொன்ன விலைக்கும் சொன்ன முறைக்கும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பிற்பாடு அவர்களை உறுத்துவது பெரும்பாலும் குதிரை எடுத்துச் செல்லப்பட்ட விதம்தான். ஆகவே, இங்கிலாந்தில் முதன்முறையாகக் குதிரை வாங்கியிருப்பவர்களும், பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்காக, போனி எனப்படும் சிறு குதிரை ஒன்றை மாத வாடகை லாயத்தில், அதாவது லிவரி யார்டில், கட்டியிருக்கும் குடும்பங்களும், அது நலமாக மேய்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே இதைப் படித்துவிடுவது நல்லது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்ட விவரங்கள் சற்று மாறுபடும் என்பதை மனத்தில் கொள்ளவும்.

முதல் வேலை: ஒரு தாளில் எழுதி வைத்தல்

நீங்கள் திருமணத்துக்காகச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போயிருக்கும் நாளில், நள்ளிரவில், குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொள்ளலாம். லாயத்துக்காரர் உங்களை அழைப்பார். உங்கள் தொலைபேசி அணைந்திருக்கும். உரிமையாளரின் ஒப்புதல் கையில் இல்லாமல் கருணைக்கொலை செய்யக் கால்நடை மருத்துவர் தயங்குவது இயல்பு. விலங்கின் நன்மையை முன்னிட்டு அதைக் கொன்றுவிடுவதே தக்கது என்று கால்நடை மருத்துவர் சான்றளித்தால், 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி காவலரோ ஆய்வாளரோ அதைச் செய்விக்கலாம். ஆனால் அவர்களை வரவழைத்து அது நடந்து முடியும்வரை துடித்துக்கொண்டிருப்பது உங்கள் குதிரை.

எனவே, நீங்கள் கிடைக்காதபோது யார் முடிவெடுக்கலாம் என்பதைப் பெயர் குறிப்பிட்டு, கையெழுத்திட்டு எழுதி வையுங்கள். அதே தாளில், குடல் அறுவை சிகிச்சைக்குக் குதிரையை மருத்துவமனைக்கு அனுப்ப ஒப்புக்கொள்கிறீர்களா, செலவுக்கு எல்லை என்ன, கருணைக்கொலை என்றால் ஊசியா துப்பாக்கியா, உடலைத் தகனம் செய்ய வேண்டுமா, எந்த நிலையத்தில், சாம்பல் திரும்ப வேண்டுமா என்ற விவரங்களும் இருக்கட்டும். 1927இல் தொடங்கப்பட்டு இன்று வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற பெயரில் இயங்கும் அறநிறுவனம், ‘ஜஸ்ட் இன் கேஸ்’ என்ற பெயரில் இதற்கான திட்டப் படிவத்தை வைத்திருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தலாம். ஒரு பிரதி லாயத்திலும் மற்றொன்று மருத்துவரிடமும் இருக்க வேண்டும். வீட்டு மேசை இழுப்பறையில் மட்டும் இருக்கும் தாளால் பயனில்லை.

காப்பீட்டுப் பத்திரத்தையும் இப்போதே ஒருமுறை படித்துவிடவும். இறப்புக்கான தொகையைப் பெற, பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சங்கமான பேவா வகுத்த அளவுகோலையே பல காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன: குணப்படுத்த முடியாத, தாங்கவொண்ணாத வலியிலிருந்து விடுவிக்க உடனடியாகக் கொல்வதைத் தவிர அந்த நேரத்தில் வேறு சிகிச்சை வழியே இல்லை என்ற நிலை இருக்க வேண்டும். முதுமையால் நலிந்த குதிரையை நீங்கள் யோசித்து, நாள் குறித்து அனுப்பிவைப்பது பெரும்பாலும் இந்த வரையறைக்குள் வராது. அதற்காக அதை வலியோடு வைத்திருப்பது கொடுமை. தொகை வராது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும். அவசரமில்லாத நிலையில் கருணைக்கொலைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் பிரேதப் பரிசோதனை கேட்கும். தகனம் முடிந்த பிறகு அதற்கு வழியில்லை.

நாள் குறித்தல்

குதிரைகள் 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழ்வது வழக்கம். போனிகள் அதையும் கடப்பதுண்டு. லாயத்தில் தானாகவே இறந்து கிடக்கும் குதிரைகள் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு நாம்தான் நாள் குறிக்க வேண்டியிருக்கிறது, புதியவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பதும் அதுவே. படுத்தால் எழ முடியாமல் திணறுகிறதா, அல்லது எழ முடியாது என்று அஞ்சிப் படுப்பதையே விட்டுவிட்டதா என்று பாருங்கள். முன்பு மண்ணில் புரண்டு உருண்ட குதிரை இப்போது புரள்வதில்லையா, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறதா, தீவனம் குறையாமலே உடல் வற்றுகிறதா, குளம்பு அழற்சியான லாமினைட்டிஸ் ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் அதிக நாள் நீடிக்கிறதா என்பதையெல்லாம் ஒரு நாட்காட்டியில் குறித்துவாருங்கள். ‘இன்று பரவாயில்லை’ என்ற நினைவு நம்மை எளிதில் ஏமாற்றும். எழுத்தில் உள்ள குறிப்பு அப்படி ஏமாற்றாது.

முடிவு நெருங்கிவிட்டது என்று மருத்துவரும் நீங்களும் கருதினால், குளிர்காலத்துக்குள் நுழைவதற்கு முன் செய்துவிடுவதே என் பரிந்துரை. மூட்டுவாதம் உள்ள கிழக் குதிரைக்கு உறைந்த தரையும் சேறும் பெருந்துன்பம். அதோடு, ஜனவரி மாதச் சேற்றில் லாரி வயலுக்குள் வரவே முடியாது. வார நாளின் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்தால் மருத்துவரின் அவசரக் கட்டணம் இராது; தகன நிலையத்தின் வண்டியையும் அதே நேரத்துக்கு வரச்சொல்லிவிடலாம்.

ஊசியும் துப்பாக்கியும்

இங்கிலாந்தில் இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஊசி முறையில், மருத்துவர் முதலில் மயக்கமூட்டி, கழுத்து இரத்தக்குழாயில் சிறு குழாய் பொருத்தி, அதன் வழியே மருந்தைச் செலுத்துவார். குதிரை ஒரு நிமிடத்துக்குள் கால் மடிந்து சரியும். சில நேரம் மெல்லவும் சில நேரம் தடாலென்றும் விழும். பயிற்சி பெற்றவர் தலைக்கயிற்றைப் பிடித்து அந்த விழுகையை ஓரளவு நெறிப்படுத்துவார். உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு முறை ஆழ்ந்து மூச்சிழுப்பது போலத் தோன்றலாம், தசைகள் துடிக்கலாம், கண்கள் திறந்தே இருக்கும். இவற்றை முன்பே அறியாதவர்கள் குதிரை இன்னும் உயிரோடு துன்புறுகிறது என்று பதறிப்போகிறார்கள். மருத்துவர் கண்மணியைத் தொட்டும் நெஞ்சில் இதயத்துடிப்பைக் கேட்டும் உறுதி செய்த பிறகே இறந்துவிட்டது என்று சொல்வார்.

துப்பாக்கி முறையைப் பெரும்பாலான புதியவர்கள் கேட்டவுடனே மறுத்துவிடுகிறார்கள். பழகிய கை செய்தால் அது ஊசியைவிட விரைவானது. ஊசிக்கு அஞ்சி மிரளும் குதிரைக்கு அதுவே இரக்கமான வழி. ஆனால் ஓசையும், மூக்கின் வழியே வரும் குருதியும் உண்டு. பார்த்துப் பழகாதவர்கள் அருகில் நிற்காமலிருப்பது நலம். துப்பாக்கி உரிமம் பெற்ற மருத்துவரோ, இறந்த கால்நடைகளை அகற்றும் தொழில் செய்யும் ‘நாக்கர்மேன்’ என்பவரோதான் இதைச் செய்வார்.

எந்த முறை என்பது உடல் எங்கே போகலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. ஊசி மருந்து உடலில் அப்படியே தங்கியிருப்பதால், அந்த இறைச்சியைத் தின்னும் நாய், நரி, பருந்து எல்லாம் நஞ்சேறிச் சாகக்கூடும். ஆகவே, இறந்த குதிரைகளை நாய்களுக்கு இரையாக எடுத்துக்கொள்ளும் வேட்டை நாய்க் கொட்டில்கள் ஊசி போட்ட உடலை ஏற்பதில்லை. தகனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த முறையானாலும் உடலைத் தார்ப்பாயால் மூடி, லாயத்து நாய்களைக் கட்டி வைக்கவும்.

இடமும் லாரியும்

குதிரைக்குப் பழகிய இடம் என்று லாயத்து அறைக்குள்ளேயே செய்யச் சொல்பவர்கள் உண்டு. அது தவறான எண்ணம். சில மணி நேரத்தில் உடல் விறைத்துக் கால்கள் நீட்டியபடி இறுகிவிட்டால், அந்தக் குறுகிய கதவு வழியே அதை வெளியே எடுப்பது பார்க்கத் தகாத வேலையாகிவிடும். வாயிலுக்கு அருகில், சமதளத்தில், புல் தரையில், மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். லாரி பின்வாங்கி வந்து நிற்க முடியுமா, வாயிலின் அகலம் போதுமா என்று முதல் நாளே வண்டிக்காரரிடம் பேசுங்கள். சாலையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் பிறர் கண்ணில் படாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

வண்டிக்காரர் உடலின் கால்களில் பட்டை மாட்டி, வின்ச் மூலம் சரிவுப் பலகையில் இழுத்து ஏற்றுவார். எவ்வளவு மரியாதையாகச் செய்தாலும் அது இழுப்பதுதான். தலை தொங்கும், கழுத்து வளையும். அந்த நேரத்தில் அங்கே இருக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். குதிரையோடு கடைசி நிமிடம்வரை நிற்பதும், பிறகு அரை மணி நேரம் அதன் அருகில் அமர்ந்திருப்பதும் உங்கள் உரிமை. லாரி உள்ளே வந்ததும் லாயத்துக்காரரிடம் பொறுப்பை விட்டுவிட்டுப் போய்விடவும். தனியாகத் தாங்க முடியாதவர்களுக்கு, பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் ‘ஃபிரண்ட்ஸ் அட் தி எண்ட்’ திட்டத்தின்கீழ் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் அன்றைக்கு உடனிருக்கக் கேட்டுக்கொள்ளலாம்.

நினைவுப் பொருள் வேண்டுமென்றால் லாரி வருமுன் எடுத்துவிட வேண்டும். வால் மயிரில் விரல் பருமனுள்ள ஒரு கற்றையை, வெளியே தெரியாதபடி உட்புறமாகப் பிரித்தெடுத்து, மேலே ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டிய பிறகு, கட்டுக்கு மேலே வெட்டவும். வெட்டிவிட்டுக் கட்டப் போனால் மயிர் கலைந்து நீளம் குழம்பிவிடும். அந்த மயிரில் கைக்காப்பு முடைந்து தருபவர்களுக்கு நீளம்தான் முக்கியம் என்பதால், குட்டையான பிடரி மயிரைவிட வால் மயிரே ஏற்றது. இளஞ்சூட்டு நீரில் ஷாம்பு போட்டு அலசி, முழுதாக உலர்த்திக் காகித உறையில் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். லாடங்கள் எரியாதவை, அவற்றை முன்னரே கழற்றித் தருமாறு லாடக்காரரிடமோ தகன நிலையத்திடமோ சொல்லிவைக்கலாம்.

தகன நிலையத்திடம் கேட்க வேண்டியவை

குதிரையைத் தகனம் செய்யும் நிலையம் விலங்கு மற்றும் தாவர நல முகமையின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். எரியும்போது எழும் வாயுக்கள் குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு விநாடியாவது இருக்க வேண்டும் என்பது விதி. நாய்க்கு ஓரிரு மணி நேரத்தில் முடிவது குதிரைக்குப் பல மணி நேரம் எடுக்கும். ஆகவே எல்லாச் செல்லப்பிராணித் தகன நிலையங்களும் குதிரையை எடுப்பதில்லை. கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்துச் சில நூறு பவுண்டுகளில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டிச் செல்லும். வண்டிக் கட்டணமும் சாம்பல் பேழையும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

‘தனித் தகனம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உலையில் உங்கள் குதிரை மட்டும் இருக்குமா, அதன் சாம்பல் முழுவதும் உங்களுக்கு வருமா, ஒரு பகுதி மட்டும் வருமா, அடுத்த உடலை வைக்குமுன் உலை முழுவதும் துப்புரவாகக் கூட்டியெடுக்கப்படுமா, உடல் முழுதாகவே எரியூட்டப்படுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல நிலையத்தார் தயங்காமல் விளக்குவார்கள். நேரில் வந்து பார்க்கவும் விடுவார்கள். மழுப்பலான விடை வந்தால் வேறு இடம் பார்க்கலாம். தனியார் செல்லப்பிராணிக் கல்லறை மற்றும் தகன நிலையங்களின் சங்கமான ஏ.பி.பி.சி.சி. தன் உறுப்பினர்களுக்கு நடைமுறை விதிகளை வகுத்திருக்கிறது. உறுப்பினரா என்று கேட்பது ஒரு தொடக்கம். பல உடல்களை ஒன்றாக எரிக்கும் கூட்டுத் தகனத்தில் சாம்பல் திரும்பாது, செலவு குறைவு. சாம்பல் வேண்டாதவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் குதிரைக்கு எந்த அவமதிப்பும் இல்லை. குளம்பையோ தலையையோ மட்டும் தனியே தகனம் செய்து தரும் வழக்கமும் சில இடங்களில் உண்டு; கேட்கவே சங்கடமாக இருந்தால் அது உங்களுக்கானதன்று.

தகனத்துக்கு வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இறந்த கால்நடைகளை அகற்ற ஏற்பாடு செய்யும் நேஷனல் ஃபாலன் ஸ்டாக் கம்பெனியின் வழியாகவோ உள்ளூர் நாக்கர்மேனிடமோ உடலை ஒப்படைக்கலாம்; செலவு கணிசமாகக் குறையும். புதைப்பதைப் பொறுத்தவரை, பண்ணைக் கால்நடைகளைப் புதைக்க இங்கிலாந்தில் தடை உள்ளது. செல்லமாக வளர்த்த குதிரைக்கு மட்டும் விலக்குக் கிடைக்கலாம். உள்ளூராட்சியிடம் முதலில் கேட்க வேண்டும். நிலம் உங்களுடையதாகவோ உரிமையாளர் ஒப்புக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 250 மீட்டர், பிற நீரோடைகளிலிருந்து 30 மீட்டர், வயல் வடிகாலிலிருந்து 10 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது பின்பற்றப்படும் அளவு. உடலுக்கு மேல் ஒரு மீட்டர் மண் மூட வேண்டும். வாடகை லாயத்தில் குதிரை வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இது நடைமுறையில் இயலாது.

எதிர்பாராமல் இறந்து கிடந்தால்

காலையில் போய்ப் பார்க்கும்போது காரணம் தெரியாமல் குதிரை இறந்து கிடந்தால், உடலை நகர்த்தாமல் மருத்துவரை அழைக்கவும். மற்ற குதிரைகளை உடனே அந்த வயலிலிருந்து வேறிடத்துக்கு மாற்றவும். இலையுதிர்காலத்தில் விழும் சிகமோர் மரத்தின் இறக்கை விதைகளையும், வசந்தத்தில் அவை முளைத்த நாற்றுகளையும் மேய்ந்த குதிரைக்குத் தசைகள் சிதைந்து சில நாள்களில் உயிர் போகலாம். ஹைப்போகிளைசின் என்ற நச்சுப் பொருளே காரணம். ஒன்று இறந்த வயலில் அடுத்ததும் அதே விதையைத் தின்றிருக்கலாம் என்பதால், இந்த இடத்தில் துக்கத்தைவிட விரைவு முக்கியம்.

உடனிருந்த விலங்குகள்

இறந்த குதிரையோடு நெடுநாள் வாழ்ந்த குதிரை உடலைப் பார்க்கட்டும். அருகில் வந்து முகர்ந்து, மூக்கால் தள்ளிப் பார்த்துவிட்டு, சிறிது நேரத்தில் புல் மேயப் போய்விடும். சில குதிரைகள் திரும்பியே பார்க்காது. உடலைப் பார்க்காத குதிரை நாள்கணக்கில் வேலியோரம் கனைத்துக்கொண்டு ஓடுவதுண்டு. அதைத் தனியாக விடாமல் வேறு துணை ஏற்பாடு செய்யவும்.

கழுதை இணையாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இணையை இழந்த கழுதை தீவனத்தை விட்டுவிட்டால், உடலிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்கும் ஹைப்பர்லிபீமியா என்ற நிலை வந்து அதுவும் இறந்துபோகக்கூடும். டெவனில் உள்ள டாங்க்கி சாங்சுவரி நிறுவனம், கழுதை தானாக ஆர்வம் இழந்து விலகும்வரை உடலை அதனருகில் விட்டுவைக்கச் சொல்கிறது. லாரிக்கு நேரம் சொல்லும்போதே இதையும் கணக்கில் கொள்ளவும். அடுத்த சில நாள்களுக்கு அது எவ்வளவு தின்கிறது என்று அளந்து பார்த்து, குறைந்தால் அன்றே மருத்துவரை அழைக்கவும்.

ஆவணங்களும் சாம்பலும்

குதிரை இறந்த 30 நாள்களுக்குள் அதன் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டை, அதை வழங்கிய நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும், இது சட்டம். அதில் ஒட்டியுள்ள நினைவுகளுக்காகப் பாஸ்போர்ட் வேண்டும் என்றால், செல்லாததாக முத்திரையிட்டுத் திருப்பித் தரும்படி ஒரு கடிதம் வைத்து அனுப்பலாம். பல நிறுவனங்கள் தருகின்றன. காப்பீட்டின் மாதப் பிடித்தத்தை, இழப்பீட்டுக் கோரிக்கை முடிந்த பிறகு நிறுத்தவும். லாடக்காரரிடமும் பல் மருத்துவரிடமும் குறித்திருந்த நாள்களை ரத்துசெய்ய ஒரு நண்பரிடம் சொல்லிவிடலாம். அந்தத் தொலைபேசி அழைப்புகளை நீங்களே செய்ய வேண்டியதில்லை.

சாம்பல் வந்து சேரும்போது அதன் எடை பலரைத் திகைக்க வைக்கிறது. சராசரிக் குதிரையின் சாம்பல் 20 கிலோ அளவுக்கு இருக்கும். மேசை மேல் வைக்கும் சிறு கலசம் அதற்குப் போதாது. நம் குடும்பங்களில் ஆற்றிலோ கடலிலோ கரைக்க நினைப்பார்கள். மனிதர்களின் அஸ்தியைக் கரைப்பதற்குச் சுற்றுச்சூழல் முகமை சொல்லும் நெறிகளையே இதற்கும் கொள்ளலாம்: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் ஒரு கிலோமீட்டருக்குள் கரைக்கக் கூடாது, மீன்பிடிப்போரும் குளிப்போரும் உள்ள இடமாகவோ காற்று பலமாக அடிக்கும் நாளாகவோ இருக்கக் கூடாது, நீரின் மேற்பரப்புக்கு நெருக்கமாகத் தாழ்த்தித் தூவ வேண்டும், பிளாஸ்டிக் கலந்த மாலையையோ துணியையோ நீரில் விடக் கூடாது. இருபது கிலோவையும் ஒரே ஓடையில் கொட்டாமல், ஒரு பிடி கரைத்துவிட்டு மீதியை நிலத்துக்குக் கொண்டுபோவது பொருத்தம். நிலத்தில் இடும்போது, சாம்பலில் காரமும் உப்பும் மிகுதி என்பதால், ஒரே குழியில் கொட்டி மேலே மரக்கன்று நட்டால் கன்று கருகிவிடும். நிறைய மண்ணோடு கலந்து, பரவலாகத் தூவி, மழைக்குப் பிறகு நடவும்.

பிள்ளைகளிடம் குதிரையைத் ‘தூங்க வைத்துவிட்டோம்’ என்று சொல்லாதீர்கள். அது எப்போது எழும் என்று கேட்பார்கள், சிலர் இரவில் தாமே தூங்க அஞ்சுவார்கள். இறந்துவிட்டது, இனி வலி இல்லை என்று நேராகச் சொல்லலாம். ‘ஒரு குதிரைக்காகவா இவ்வளவு’ என்று உறவினர் கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ப்ளூ கிராஸ் அறநிறுவனம் செல்லப்பிராணிகளை இழந்தவர்களுக்காகவே இலவசத் தொலைபேசி ஆதரவுச் சேவை நடத்துகிறது. நாள் குறிக்கும் முன்பே தடுமாறுபவர்களும் அதை அழைக்கலாம். சேணத்தையும் போர்வைகளையும் விற்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடவும். லாயத்து அறையைக் காலி செய்யக் கெடு இருந்தால், அவற்றைத் துடைத்து உலர்த்தி வீட்டிலோ நண்பரின் கொட்டகையிலோ வைத்துவிட்டு, விலை பேசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.